ஏபிஎஸ் இருக்கு, இப்போ மூலமும் வந்துடுச்சு, என்ன பண்றது டாக்டர்?

போன இதழ்ல ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம், சுருக்கமா ஏபிஎஸ், பத்தி சின்னதா ஒரு பதில் எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல நிறைய பேர் கேட்டிருக்குறது வெளிய சொல்லவே தயங்குற ஒரு விஷயத்தைத்தான், மூலம், ஆசனவாய் வெடிப்பு, மோஷன் போகும்போது ரத்தம். அதனால இந்த தடவை முழுசா அதுக்கே ஒதுக்கியாச்சு. பேர் ஊர் எதுவும் போடலை, போடவும் மாட்டோம்.

புதுசா படிக்குறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஏபிஎஸ்ங்குறது நம்ம எதிர்ப்பு சக்தியே தப்பான ஆன்டிபாடிகளை உண்டாக்கி ரத்தத்தை தேவையில்லாத இடத்துல உறைய வைக்குற நோய், கால்ல கட்டும், நுரையீரலுக்கு போகும், பக்கவாதம் வரும், கர்ப்பம் திரும்பத் திரும்ப கலையும். 1983ல லண்டன்ல டாக்டர் கிரஹாம் ஹியூஸ் இதை தெளிவா விவரிச்சதால ஹியூஸ் சிண்ட்ரோம்னும் சொல்லுவாங்க. எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்குற லூபஸ் நோய் கூட சேர்ந்தும் வரும், தனியாவும் வரும். ஒரு டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தா போதாது, குறைஞ்சது 12 வாரம் விட்டு மறுபடி எடுத்து அப்பவும் பாசிட்டிவா இருந்தாதான் உறுதி பண்ணுவாங்க. ரத்தக்கட்டு ஒரு தடவை வந்துட்டா பெரும்பாலும் காலம் பூரா வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம பாத்துக்குற மாத்திரை ஓடணும். சிக்கலே இங்கதான். உடம்பு உறையத் துடிக்குது, மாத்திரை அதை தடுக்குது, நடுவுல ஆசனவாய்ல ஒரு சின்ன புண்ணு வந்தா ரத்தம் நிக்க மாட்டேங்குது.

கேள்வி: எனக்கு வயசு 38. கால்ல ரத்தம் கட்டி ஏபிஎஸ்னு கண்டுபிடிச்சு வார்ஃபரின் சாப்பிட்டுட்டு இருக்கேன். கொஞ்ச நாளா மோஷன் போகும்போது ரத்தம் சொட்டுது, வலி இல்ல. பயந்து போய் ரெண்டு நாள் மாத்திரையை விட்டுட்டேன், ரத்தம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. இது மூலம்தானே டாக்டர், ரத்தம் வர்ற நாள்ல மட்டும் மாத்திரையை நிறுத்திக்கலாமா?

வேணாம்மா. தயவுசெஞ்சு இன்னைக்கே மாத்திரையை எப்பவும் போல ஆரம்பிச்சுடுங்க, உங்க டாக்டருக்கும் ரெண்டு நாள் விட்டதை போன் பண்ணி சொல்லிடுங்க, விட்டதை ஈடுகட்டுறேன்னு சேர்த்து மட்டும் போட்டுடாதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, மூலத்துல வர்ற ரத்தம் பயமுறுத்தும், ஆனா பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்ல, நிறுத்தவும் வழி இருக்கு. மாத்திரையை விட்டதால மூளையில ஒரு கட்டு வந்துச்சுன்னா அதுல போனது திரும்ப வராது. வார்ஃபரினோட வேலை ஒரே நாள்ல அடங்காது, நிறுத்தினா நாலஞ்சு நாள்ல முழுசா இறங்கும், திரும்ப ஆரம்பிச்சா ஏறவும் அதே மாதிரி நாள் பிடிக்கும், அதனால நீங்க ரெண்டு நாள் விட்டா பாதுகாப்பு இல்லாம இருக்குற காலம் ரெண்டு நாளோட முடியுறதில்ல. விட்டு விட்டு சாப்பிடுறதுல ரத்தமும் சரியா நிக்காது, கட்டும் வரும்.

மொதல்ல பண்ண வேண்டியது ஐஎன்ஆர் பாக்குறது, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்குதுன்னு காட்டுற டெஸ்ட் அது, எண் ஏற ஏற ரத்தம் உறைய நேரம் ஆகும். கால்ல கட்டு வந்த ஏபிஎஸ்காரங்களுக்கு பொதுவா 2லேர்ந்து 3க்குள்ள வைப்பாங்க. உங்களுக்கு 4, 5ன்னு ஏறிக்கிடந்தா ரத்தம் சொட்டுறதுக்கு அதுவே பெரிய காரணமா இருக்கலாம், அளவை சரி பண்ணினாலே குறையும். விரல் நுனியில குத்தி பாக்குற மிஷின்ல பாக்குறவங்களா இருந்தா இந்த தடவை கையில ரத்தம் எடுத்து லேப்ல பாருங்க, ஏன்னா லூபஸ் ஆன்டிகோகுலன்ட்ங்குற ஏபிஎஸ் ஆன்டிபாடி இருக்குற சிலருக்கு அந்த மிஷின் நிஜத்தை விட அதிகமா காட்டும். கூடவே ஹீமோகுளோபினும், ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் அணுக்களும் பாக்க சொல்லுங்க. ஏபிஎஸ்ல பிளேட்லெட் குறையுறது உண்டு, அது குறைஞ்சிருக்குறப்போ வார்ஃபரினும் சேர்ந்தா கதை வேற.

அடுத்தது, "இது மூலம்தானே"ன்னு கேட்டிருக்கீங்க. இருக்கலாம். உள் மூலத்துல வலி இருக்காது, மோஷன் முடியுற நேரத்துல பளிச்சுன்னு சிவப்பா சொட்டும், சில சமயம் கமோடு பூரா சிவந்து போகும், நீங்க சொல்றது அதோட ஒத்துப்போகுது. ஆனா கண்ணால பாக்காம யாரும் உறுதியா சொல்லக் கூடாது. வார்ஃபரின் மாதிரி பிளட் தின்னர் சாப்பிடுறவங்களுக்கு குடல்ல சத்தமில்லாம இருக்குற பாலிப்போ (சின்ன சதை வளர்ச்சி) கட்டியோ சீக்கிரமே ரத்தம் கசிஞ்சு காட்டிக்கொடுக்கறது உண்டு. "மாத்திரை சாப்பிடுறீங்கல்ல, அதான் ரத்தம் வருது"ன்னு யாராவது முடிச்சுட்டா அதோட விடாதீங்க, மாத்திரை ரத்தத்தை அதிகமாக்கும், ஆனா எங்கேர்ந்து வருதுங்குறதுக்கு அது பதில் இல்ல. மலக்குடலை பரிசோதிச்சு, உங்க வயசு, குடும்பத்துல குடல் புற்றுநோய் இருக்கா, எடை குறையுதா, மோஷன் போற விதம் மாறியிருக்கா, இதெல்லாம் பாத்து, பெருங்குடலை கேமரா குழாய் விட்டு பாக்குற கொலோனோஸ்கோப்பி வேணுமான்னு முடிவு பண்ணுவாங்க. சும்மா பாக்குறதுக்கும் சின்னதா சதை எடுக்குறதுக்கும் ஐஎன்ஆர் அளவுக்குள்ள இருந்தா பொதுவா வார்ஃபரினை நிறுத்தவே தேவையில்ல. பெரிய பாலிப் எடுக்கணும்னாதான் தனியா திட்டம் போடணும். கொலோனோஸ்கோப்பிக்கு முன்னாடி குடிக்குற பேதி மருந்துல உடம்புல தண்ணி வத்தும், வத்தினா கட்டு வர்ற வாய்ப்பு கூடும், சொன்ன அளவு தண்ணி குடிச்சே ஆகணும்.

இன்னொண்ணு, இதை கத்தரிச்சு வெச்சுக்கோங்க. மூலத்துல ரத்தம் நிக்கணும்னு டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை எழுதிக்கொடுக்குற பழக்கம் பரவலா இருக்கு. உறைஞ்ச ரத்தம் கரையாம தடுக்குறதுதான் அதோட வேலை, அதனால ரத்தக்கட்டு வந்தவங்களுக்கு அது ஆகாது. உங்க ரத்தவியல் டாக்டர் தெரிஞ்சே முடிவு பண்ணினா தவிர வாங்காதீங்க, யார்கிட்ட போனாலும் "எனக்கு ஏபிஎஸ் இருக்கு, கட்டு வந்திருக்கு"ன்னு மொத வாக்கியமா சொல்லுங்க.

எப்போ காத்திருக்காம ஓடணும்னா, ரத்தம் நிக்காம போயிட்டே இருந்தா, கட்டி கட்டியா விழுந்தா, எந்திரிச்சா தலை சுத்தினா, மோஷன் தார் மாதிரி கறுப்பா பிசுபிசுன்னு நாத்தத்தோட போனா, இல்ல ரத்தத்தோட கடுமையான வயித்துவலி இருந்தா. கடைசில சொன்னது குடலுக்கு போற ரத்தக்குழாய்லயே கட்டு அடைச்சிருக்கலாம்ங்குறதுக்கான அறிகுறி, ஏபிஎஸ்ல அது நடக்கக் கூடியதுதான்.

கேள்வி: நேத்து ராத்திரி வரைக்கும் ஒண்ணும் இல்ல, காலைல முக்கி மோஷன் போனதுக்கப்புறம் ஆசனவாய் ஓரத்துல திராட்சை அளவு நீலமா ஒரு கட்டி, உக்கார முடியல. ரத்தம் கட்டியிருக்குன்னு சொல்றாங்க. நான் ட்ரிபிள் பாசிட்டிவ், ஏபிஎஸ்ஸோட மூணு ஆன்டிபாடியும் இருக்கு. வார்ஃபரின் வேலை செய்யலையா? இது நுரையீரலுக்கு போயிடுமா?

போகாது தம்பி, அந்த பயத்தை மொதல்ல இறக்கி வைங்க. ஏபிஎஸ் இருக்குறவங்களுக்கு "ரத்தக்கட்டு"ங்குற வார்த்தையை கேட்டாலே நெஞ்சு அடிச்சுக்கும், நியாயம்தான். ஆனா உங்களுக்கு வந்திருக்குறது வெளி மூலத்துல இருக்குற ரொம்ப சின்ன ரத்தக்குழாய்ல, தோலுக்கு அடியிலேயே கட்டி நிக்குறது. கால்ல ஆழமான பெரிய குழாய்ல வர்றதுதான் பிச்சுக்கிட்டு நுரையீரலுக்கு ஓடும், இது அந்த இடத்துலயே இருந்து உடம்பால மெல்ல கரைக்கப்படும். எந்த நோயும் இல்லாதவங்களுக்கும் முக்கினா, கனமா எதையாவது தூக்கினா, ரொம்ப நேரம் உக்காந்தா இது வரும். இது வந்துடுச்சுங்குறதுக்காக வார்ஃபரின் தோத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆனாலும் ஐஎன்ஆர் ஒரு தடவை பாத்துடுங்க, 2க்கு கீழ கிடந்தா அது தனியா கவனிக்க வேண்டிய விஷயம்.

வலி மொத ரெண்டு மூணு நாள்தான் உச்சம். அந்த 72 மணி நேரத்துக்குள்ள போனா மரத்துப்போக ஊசி போட்டு கீறி கட்டியை எடுத்துடுவாங்க, உடனே ஆறுதல் கிடைக்கும். வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு கீறின இடத்துல ரத்தம் ஒழுகிட்டே இருக்கும்ங்குறதால நிறைய சர்ஜன்கள் கை வைக்காம விட்டுடுவாங்க, எனக்கும் வலி தாங்க முடியுற அளவுல இருந்தா அதுதான் சரின்னு படுது. வெதுவெதுப்பான தண்ணி நிறைச்ச டப்புல 10, 15 நிமிஷம் உக்காருங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, மோஷன் போனதும் கட்டாயம் ஒரு தடவை. மரத்துப்போக வைக்குற லிக்னோகெய்ன் ஜெல் தடவலாம். வலிக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் தினம் 2 கிராமுக்கு மேல சில நாள் தொடர்ந்தா ஐஎன்ஆரை ஏத்தும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு சாப்பிடுங்க. இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வேணவே வேணாம். இடுப்புல போடுற வலி ஊசியும் வேணாம், சதைக்குள்ள ரத்தம் கோத்துக்கும். ஒரு வாரம் பத்து நாள்ல வலி போயிடும், கட்டி சுருங்க இன்னும் சில வாரம் ஆகும், கடைசில தொங்கலா கொஞ்சம் தோல் மட்டும் மிஞ்சலாம், அது ஒண்ணும் பண்ணாது. நடுவுல அந்த நீலக்கட்டி மேல தோல் கிழிஞ்சு கறுப்பா ரத்தம் வெளிய வந்தா சுத்தமான துணியை மடிச்சு வெச்சு 10 நிமிஷம் விடாம அழுத்துங்க, அடிக்கடி எடுத்து எடுத்து பாக்காதீங்க. அழுத்தியும் நிக்கலைன்னா ஆஸ்பத்திரி.

கேள்வி: உள் மூலத்துக்கு பேண்ட் போட்டா சரியாயிடும், 5 நாள் வார்ஃபரின் நிறுத்திட்டு வாங்கன்னு சர்ஜன் சொல்றார். ரத்தவியல் டாக்டர் நிறுத்தவே கூடாதுங்குறார். யார் சொல்றதை கேக்குறது?

ரெண்டு பேரையும் பேச வைங்க. நீங்க நடுவுல இருந்து இவர் சொன்னதை அவர்கிட்டயும் அவர் சொன்னதை இவர்கிட்டயும் சொல்லிட்டு திரியுறது உங்க வேலை இல்ல, ஒரு போன் கால்ல முடியுற விஷயம் அது, "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரே பேப்பர்ல எழுதிக்கொடுங்க"ன்னு கேக்குறதுல எந்த மரியாதைக் குறைவும் இல்ல.

அவங்க பேசும்போது கட்டாயம் வர வேண்டிய ஒரு பாயின்ட் இருக்கு. பேண்ட் போடுறதுன்னா மூலத்தோட அடியில சின்ன ரப்பர் வளையத்தை மாட்டுவாங்க, ரத்த ஓட்டம் நின்னு அந்த சதை காய்ஞ்சு, ஒரு வாரம் போல ஆனதும் தானா உதிரும். அது உதிர்ற இடத்துல புண்ணு இருக்கும். பெரிய ரத்தப்போக்கு வர்றதுன்னா பேண்ட் போட்ட அன்னைக்கு இல்ல, இந்த புண்ணு திறக்குற ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ளதான். இப்போ யோசிங்க, முன்னாடி 5 நாள் நிறுத்தினா என்ன லாபம்? உதிர்ற நேரத்துக்கு நீங்க திரும்ப முழு வார்ஃபரின்ல இருப்பீங்க. கட்டு வர்ற ஆபத்தையும் வாங்கிக்கிட்டு ரத்தம் போற ஆபத்தையும் வெச்சுக்கிட்ட மாதிரிதான் ஆகும். அந்த புண்ணு ஆறுற வரைக்கும் நிறுத்துறதுன்னா ரெண்டு மூணு வாரம், ஏபிஎஸ்ல அது நினைச்சுப் பாக்க முடியாத காரியம். அதனாலதான் பிளட் தின்னர் நிறுத்த முடியாதவங்களுக்கு பேண்டை நிறைய பேர் தவிர்க்குறாங்க.

வேற வழி இருக்கு. மூலத்துக்குள்ள மருந்து ஊசி போட்டு சுருங்க வைக்குறது, இன்ஃப்ராரெட் கதிரால சுட்டு விடுறது, ரெண்டும் சின்ன மூலத்துக்கு உதவும், புண்ணும் சின்னது. திரும்ப வரலாம், வந்தா திரும்ப பண்ணிக்கலாம். இதுக்கும் முன்னாடி ஒரு ரெண்டு மாசம் மலச்சிக்கலை ஒழுங்கா சரி பண்ணி பாத்தீங்களான்னு கேக்குறேன், ஏன்னா மொத ரெண்டு கிரேடு மூலத்துல (வெளிய தள்ளாதது, தள்ளினாலும் தானா உள்ள போறது) பாதி ரத்தப்போக்கு அதுலயே அடங்கிடும், அதை யாரும் பொறுமையா செய்யுறதில்ல.

வெளிய தள்ளி உள்ள போகாத நாலாம் கிரேடு, இல்ல ஹீமோகுளோபின் இறங்கிட்டே போகுதுன்னா ஆபரேஷன்தான் வழி. அப்போ வார்ஃபரினை 5 நாள் முன்னாடி நிறுத்தி, இடைவெளியில ரத்தம் உறையாம தடுக்குற ஹெப்பாரின் ஊசி போட்டு, முழு டோஸ் ஊசின்னா ஆபரேஷனுக்கு 24 மணி நேரம் முன்னாடி கடைசி ஊசி, ரத்தம் நின்னுடுச்சுன்னு உறுதியானதும் திரும்ப ஆரம்பிக்குறதுன்னு ஒரு அட்டவணை போடுவாங்க. எந்த தேதி எந்த ஊசி, எப்போ வார்ஃபரின் திரும்ப, எப்போ ஐஎன்ஆர், எல்லாம் எழுத்துல கையில இருக்கணும். ஆபரேஷனுக்கு அப்புறம் பத்து நாள் வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு சீக்கிரம் போக முடியாத இடத்துக்கு பயணம் போகாதீங்க.

கேள்வி: ரெண்டு கர்ப்பம் கலைஞ்சு, ஹெப்பாரின் ஊசியும் ஆஸ்பிரினும் போட்டு மூணாவதுல குழந்தை நல்லபடியா பொறந்துடுச்சு. ஆனா டாய்லெட் போறதே நரகமா இருக்கு, கண்ணாடியால அறுக்குற மாதிரி வலி, போயிட்டு வந்து ரெண்டு மணி நேரம் நிக்குது, டிஷ்யூல லேசா ரத்தம். ஊசி இன்னும் போட்டுட்டு இருக்கேன், பாலும் கொடுக்குறேன்.

மொதல்ல வாழ்த்துகள்மா, அந்த ஊசியை தினம் வயித்துல குத்திக்கிட்டு மாசக்கணக்கா ஓட்டுறது எவ்வளவு பெரிய காரியம்னு எனக்கு தெரியும்.

நீங்க சொல்றது மூலம் மாதிரி இல்ல, ஆசனவாய் வெடிப்பு. அறுக்குற வலி, முடிஞ்ச பிறகும் நீடிக்குற வலி, கொஞ்சமா ரத்தம், பிரசவத்துக்கு அப்புறம் இது ரொம்ப சகஜம். வலிக்கு பயந்து மோஷனை அடக்குவீங்க, அடக்கினா இறுகும், இறுகினது வரும்போது திரும்ப கிழிக்கும், உள்ள இருக்குற தசை பயத்துல இறுக்கிப் பிடிக்கும், பிடிச்சா அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு புண்ணு ஆறாது. எங்கேயாவது இந்த சுத்தை உடைக்கணும், சுலபமா உடைக்குற இடம் மோஷனை இளக்குறதுதான். லாக்டுலோஸ் பால் கொடுக்குறவங்களும் தாராளமா எடுக்கலாம். தண்ணி கூட குடிங்க, பால் கொடுக்குறப்போ உங்களுக்கே தெரியாம உடம்பு வறண்டுடும். வெதுவெதுப்பான தண்ணில உக்காருறது உங்களுக்கும் உண்டு.

ஆறாட்டி தசையை தளர்த்துற ஆயின்மென்ட் இருக்கு, டில்டியாசம் 2 சதவீதம் இல்லாட்டி நைட்ரோகிளிசரின், ரெண்டாவதுல தலைவலி வரும். பால் கொடுக்குறதை சொல்லிட்டு டாக்டர் எழுதினா மட்டும் போடுங்க. பெரும்பாலான புது வெடிப்பு ஆறு எட்டு வாரத்துல கத்தி வைக்காமலே ஆறிடும். ஸ்டீராய்டு கலந்த மூல ஆயின்மென்டை மாசக்கணக்கா போடாதீங்க, தோல் மெலிஞ்சு இன்னும் கிழியும்.

வலி இருக்குன்னு ஊசியை மட்டும் விட்டுடாதீங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ஆறு வாரம்தான் ரத்தம் கட்டுற ஆபத்து ரொம்ப அதிகமா இருக்குற காலம். ஹெப்பாரினும் சரி, பின்னாடி வார்ஃபரினுக்கு மாத்தினாலும் சரி, பால் கொடுக்க தடை இல்ல.

கேள்வி: மலச்சிக்கலுக்கு கீரை நிறைய சாப்பிடுங்கன்னு சொன்னாங்க, தினமும் ரெண்டு வேளை சாப்பிட்டேன். இந்த மாசம் ஐஎன்ஆர் 1.4. டாக்டர் திட்டுறார். அப்போ நார்ச்சத்துக்கு என்னதான் சாப்பிடுறது? இரும்பு மாத்திரை வேற மோஷனை இறுக்குது.

ஐயா, கீரை மேல தப்பில்ல, திடீர்னு கூட்டினதுதான் தப்பு. பச்சை இலையில வைட்டமின் கே இருக்கு, வார்ஃபரின் எதிர்த்து நிக்குறதே அதைத்தான். தினம் ஒரே அளவு சாப்பிட்டா அந்த அளவுக்கு ஏத்த மாதிரி மாத்திரை டோஸை வெச்சுக்கலாம், இந்த வாரம் ஒரு கட்டு கீரை, அடுத்த வாரம் ஒண்ணும் இல்லைன்னாதான் ஐஎன்ஆர் ஏறி இறங்கி ஆடும். சுத்தமா நிறுத்தவும் வேணாம், அப்படி நிறுத்தினா ஏறிடும். வழக்கமான அளவுக்கு வாங்க, டாக்டர் சொல்ற தேதியில ஐஎன்ஆர் திரும்ப பாருங்க, 1.4ங்குறது உங்களுக்கு பாதுகாப்பான எண் இல்ல, இடையில ஹெப்பாரின் ஊசி வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

நார்ச்சத்துக்கு இசப்கோல் போதும். ஒரு பெரிய டம்ளர் தண்ணில கலந்த உடனே குடிங்க, மேல இன்னொரு டம்ளர் தண்ணி, தண்ணி இல்லாம சாப்பிட்டா அதுவே அடைச்சுக்கும். மத்த மாத்திரைகளுக்கும் அதுக்கும் ஒரு ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. கொஞ்சமா ஆரம்பிச்சு மெல்ல கூட்டுங்க, எடுத்த உடனே கூட்டினா வயிறு உப்பும். போதலைன்னா மேக்ரோகால் பவுடர் சேர்க்கலாம். திரவ பாரஃபின் மட்டும் நாள்கணக்கா எடுக்காதீங்க, வைட்டமின் கே உடம்புல சேர்றதை அது கெடுக்கும். மூட்டு வலிக்கு டிராமடால், கோடீன் எதாவது சாப்பிடுறீங்களா? மலச்சிக்கலோட வேர் பல பேருக்கு அங்கதான் இருக்கு, டிராமடால் ஐஎன்ஆரையும் ஏத்தும்.

இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தா உடம்புல நல்லாவே சேருது, மோஷனும் அவ்வளவு இறுகாது, டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கோங்க. இரும்பு சாப்பிட்டா மோஷன் கறுப்பா போகும், அதை பாத்து பயப்படாதீங்க, அது கறுப்பா கெட்டியா இருக்கும். பிசுபிசுன்னு தார் மாதிரி, தாங்க முடியாத நாத்தத்தோட இருந்தாதான் மேல் வயித்துலேர்ந்து வர்ற ரத்தம்.

டாய்லெட்ல அஞ்சு நிமிஷத்துக்கு மேல உக்காராதீங்க, போனை வெளியவே வெச்சுட்டு போங்க. கமோடுன்னா காலுக்கு கீழ சின்ன ஸ்டூல் வெச்சு முழங்காலை உசத்திக்கோங்க, முக்காம வரும்.

கேள்வி: அம்மாவுக்கு லூபஸும் ஏபிஎஸும். ஸ்டீராய்டு, வார்ஃபரின் ரெண்டும் ஓடுது. மூணு நாளா ஆசனவாய் பக்கத்துல விண்ணு விண்ணுன்னு வலிக்குதாம், ஒரு பக்கம் சிவந்து வீங்கியிருக்கு. காய்ச்சல் இல்ல. மூல ஆயின்மென்ட் போடுறோம், கேக்கல.

இதை படிக்குறப்போ இன்னும் ஆஸ்பத்திரிக்கு போகலைன்னா இப்பவே கூட்டிட்டு போங்க. இந்த கடிதத்துக்கு இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்காம தனியா பதில் அனுப்பியாச்சு, ஆனாலும் மத்தவங்களுக்காக இங்க எழுதுறேன்.

விண்ணு விண்ணுன்னு தெறிக்குற வலி, ஒரு பக்கமா வீக்கம், நாளுக்கு நாள் அதிகம்னா அது சீழ் கட்டியா இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களுக்கு காய்ச்சலே தெரியாம போகலாம், மருந்து அதை அமுக்கிடும், காய்ச்சல் இல்லைங்குறதை வெச்சு நிம்மதி ஆகவே கூடாது. சீழை வெளியேத்தணும், ஆன்டிபயாட்டிக் மட்டும் போட்டு உள்ளயே விட்டா பரவும், பின்னாடி பௌத்திரமா (ஆசனவாய்க்கும் வெளித்தோலுக்கும் நடுவுல ஓட்டை விழுறது) மாறவும் செய்யும். ஏபிஎஸ்ல கிருமித்தொற்றுக்கு இன்னொரு முகமும் இருக்கு, அபூர்வமா ஒரு வாரத்துக்குள்ள மூணு நாலு உறுப்புல ஒரே நேரத்துல சின்ன சின்ன ரத்தக்குழாய் எல்லாம் அடைக்குற பயங்கரமான நிலை வரும், அதை கிளப்பி விடுறதுல தொற்றுதான் முக்கியமான காரணம், ஆபரேஷனும், பிளட் தின்னரை திடீர்னு நிறுத்துறதும் அதே பட்டியல்ல வரும்.

ஆஸ்பத்திரியில ரெண்டு விஷயம் நீங்களே வாயை விட்டு சொல்லணும். ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்தக் கூடாது. அப்புறம் மெட்ரோனிடசோல் கொடுத்தாங்கன்னா, ஆசனவாய் பிரச்சினைகளுக்கு இது சர்வ சாதாரணமா எழுதுற மருந்து, அது வார்ஃபரினோட சேர்ந்தா ஐஎன்ஆர் கிடுகிடுன்னு ஏறும், சிப்ரோஃப்ளாக்சசினும் ஏத்தும். கொடுக்க வேண்டி வந்தா கொடுக்கட்டும், ஆனா மூணு நாலு நாள்ல ஐஎன்ஆர் பாக்கணும், டோஸை முன்கூட்டியே குறைக்கணுமான்னு முடிவு பண்ணணும். அரிப்புக்கு ஃப்ளூகோனசோல் கொடுத்தாலும் இதே கதைதான். இந்த மருந்துகளால ஏறின ஐஎன்ஆரோட வீட்டுக்கு போய், ஒரு வாரத்துல ரத்தம் கொட்டிக்கிட்டு திரும்ப வர்றது தடுக்கவே முடியாத விபத்து இல்ல, ஒரு டெஸ்ட் போதும்.

கேள்வி: ஏபிஎஸ்ஸால கல்லீரல் பக்கம் ரத்தக்குழாய்ல கட்டு வந்திருக்கு. இப்போ மூலம்னு சொல்லி பேண்ட் போடலாம்ங்குறாங்க. போடலாமா?

மொதல்ல அது மூலம்தானான்னு பாக்காம போடவே கூடாது. கல்லீரலுக்கு போற குழாயோ, அங்கேர்ந்து வெளிய வர்ற குழாயோ அடைச்சா ரத்தம் திரும்பி வேற வழி தேடும், மலக்குடல்ல இருக்குற குழாய்கள் புடைச்சுக்கும். பாக்க மூலம் மாதிரியே இருக்கும், ஆனா உள்ள ஓடுற அழுத்தம் வேற, அதுல வளையம் போட்டு உதிர்ந்தா நிறுத்தவே முடியாத ரத்தப்போக்கு வரலாம். கல்லீரல் டாக்டர் எண்டோஸ்கோப்பி பண்ணி, ஸ்கேன்ல பாத்து சொல்லட்டும். கட்டு எங்க இருக்குங்குற ரிப்போர்ட்டை சர்ஜன் கையில நீங்களே கொடுங்க, அவருக்கு தெரிஞ்சிருக்கும்னு விட்டுடாதீங்க.

கேள்வி: வார்ஃபரினுக்கு பதிலா புது மாத்திரைக்கு மாறினா ஐஎன்ஆர் தொல்லையும் இல்ல, ரத்தமும் வராதாமே?

ஐஎன்ஆர் தொல்லை இல்லைங்குறது உண்மை, ரத்தமே வராதுங்குறது உண்மை இல்ல. மூணு ஆன்டிபாடியும் பாசிட்டிவா இருக்குறவங்களுக்கு இந்த புது மாத்திரைகள்ல ஒண்ணான ரிவரோக்சாபானா வார்ஃபரினான்னு இத்தாலியில ஒரு ஆய்வு பண்ணினாங்க, டிராப்ஸ்னு பேரு, 2018ல வெளியாச்சு, 120 பேர்தான் சேர்ந்திருந்தாங்க. ரிவரோக்சாபான் எடுத்தவங்கள்ல 7 பேருக்கு பக்கவாதமோ மாரடைப்போ வந்துச்சு, வார்ஃபரின் எடுத்தவங்கள்ல ஒருத்தருக்கும் வரலை, ஆய்வை பாதியிலயே நிறுத்திட்டாங்க. 2019ல ஐரோப்பிய மருந்து ஏஜென்சியும் ஏபிஎஸ்ல, முக்கியமா ட்ரிபிள் பாசிட்டிவ்ல, இந்த வகை மாத்திரைகள் வேணாம்னு எச்சரிக்கை விட்டுச்சு. மூலத்துக்காக இந்த மாத்தத்தை நீங்களா பண்ணாதீங்க.

கேள்வி: எல்லாம் சரி டாக்டர், ஆனா அந்த இடத்தை காட்டவே கூச்சமா இருக்கு. வருஷக்கணக்கா தள்ளிப்போட்டுட்டேன். உள்ள என்னதான் பண்ணுவாங்க?

சொல்றேன், தெரிஞ்சுட்டா பாதி பயம் போயிடும். மொத்தமா அஞ்சு நிமிஷ வேலை. இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க சொல்லுவாங்க, முழங்காலை நெஞ்சு பக்கம் மடக்கணும், பாக்க வேண்டிய இடம் தவிர மீதியை துணியால மூடிடுவாங்க. மொதல்ல வெளிய மட்டும் பாப்பாங்க, வெடிப்பு, வெளி மூலம், சீழ் எல்லாம் பெரும்பாலும் அதுலயே தெரிஞ்சுடும். அப்புறம் கையுறை போட்டு ஜெல் தடவின விரல், ஒரு மூச்சை மெதுவா வாய் வழியா விட்டீங்கன்னா தசை தளரும். கடைசியா புரோக்டோஸ்கோப்னு விரல் நீளத்துக்கு ஒரு குழாய், வெளிச்சம் போட்டு உள் மூலத்தை பாப்பாங்க, மோஷன் வர்ற மாதிரி தோணும், வராது. வெடிப்பு இருந்து வலி தாங்கலைன்னா "இன்னைக்கு வேணாம்"னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு, மரத்துப்போற ஜெல் போட்டோ, புண்ணு ஆறினதுக்கு அப்புறமோ பாக்கலாம். பெண் டாக்டர் வேணும், இல்ல கூட ஒருத்தர் நிக்கணும்னு அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்க. இதுக்கு வார்ஃபரின் நிறுத்த தேவையில்ல. பிளேட்லெட் ரொம்ப குறைவுன்னு முன்னாடி சொல்லியிருந்தாங்கன்னா மட்டும் உள்ள போறதுக்கு முன்னாடி அதை சொல்லிடுங்க, எனிமாவோ, ஆசனவாய்ல வைக்குற மாத்திரையான சப்போசிட்டரியோ வைக்குறதுக்கு முன்னாடியும்தான்.

போகும்போது கையில எடுத்துட்டு போக வேண்டியது: கடைசி சில ஐஎன்ஆர் எண்கள் தேதியோட, சாப்பிடுற எல்லா மாத்திரையும் (கடையில கேட்டு வாங்கினது, மூலிகை லேகியம் உட்பட, அதுல சிலது ரத்தத்தை பாதிக்கும்), எப்போ எங்க கட்டு வந்துச்சுன்னு ஒரு வரி, ரத்தவியல் டாக்டரோட போன் நம்பர். ரத்தம் என்ன நிறம், மோஷனோட கலந்து வருதா தனியா சொட்டுதா, வலி எப்போ, இதை ஒரு துண்டு சீட்டுல வீட்லயே எழுதிட்டு போங்க, அங்க போய் கூச்சத்துல பாதி மறந்துடும். ரத்தம் வந்ததை போன்ல போட்டோ எடுத்து வெச்சிருந்தா அதையும் தாராளமா காட்டலாம், எங்களுக்கு அது உதவும்.